50 லட்சம் காலடிகள்!

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம்? அரை மணி? வழியில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே ஓடிவிட்டால் போதும், மறுநாள் வகுப்பு முழுக்க அதுதான் பேச்சு. சரிதானே?

இப்போது ஒரு கற்பனை செய்யுங்கள். நீங்களும் உங்கள் நண்பர்கள் மூன்று பேரும் நடக்கத் தொடங்குகிறீர்கள். அரை மணி இல்லை, ஆறு மாதம்! தினமும் காலையில் எழுந்ததும் நடை. மாலை வந்ததும் காட்டுக்குள் தூக்கம். வழியில் கரடி வரும், கிலுகிலுப்பைப் பாம்பு வரும், குதிரைகள் வரும், யானைக்குட்டி அளவுக்கு ஒரு மானும் வரும். எப்படி இருக்கும்?

இப்படி ஒரு பாதை உண்மையிலேயே இருக்கிறது, குழந்தைகளே! அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சியன் என்ற மலைத்தொடரின் மேலேயே ஓடும் நடைபாதை அது. அதற்கு 'அப்பலாச்சியன் நெடும்பாதை' என்று பெயர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. இடையில் 14 மாநிலங்கள். நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை மலை மேலேயே நடந்து போவதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் முழுவதும் நடந்து முடிக்க ஏறத்தாழ 50 லட்சம் காலடிகள் எடுத்து வைக்க வேண்டும்!

வாருங்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூ மாட்டிக் கொள்ளுங்கள். நாமும் கொஞ்ச தூரம் போய் வரலாம்.

பாதை பிறந்த கதை

1921ஆம் ஆண்டு. பென்டன் மெக்கை என்ற வனத்துறை அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நகரங்களில் ஓய்வில்லாமல் உழைக்கும் மக்கள் காட்டுக்குள் நடந்து களைப்பாற மலை உச்சிகளை இணைத்து ஒரு நீண்ட பாதை வேண்டும் என்பது அவர் யோசனை. அதைப் படித்த பலர் கோடரி, மண்வெட்டியோடு கிளம்பி விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1937ஆம் ஆண்டில் பாதை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை இணைந்தது.

இன்றும் இதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஹெலீன்' என்ற புயல் அடித்தபோது, பாதையின் தென்பகுதியில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்து வழியை அடைத்துவிட்டன. அவற்றை அறுத்து அகற்றி வழி திறக்கவும் தன்னார்வலர்கள் திரண்டு வந்தார்கள்.

இவ்வளவு நீளப் பாதையில் வழி தவறாதா? தவறாது. மரங்களிலும் பாறைகளிலும் நோட்டுப் புத்தக லேபிளை நிமிர்த்து ஒட்டியதுபோல வெள்ளைப் பட்டைகள் பூசியிருப்பார்கள். அகலம் 5 செ.மீ., உயரம் 15 செ.மீ. ஒரு பட்டை என்றால் 'நேரே போ'. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் என்றால் 'கவனி, திருப்பம் வருகிறது'. நீலப் பட்டை தண்ணீருக்கோ வேறு இடத்துக்கோ பிரியும் கிளை வழி. இரவு தங்க, மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக மரக் குடில்கள் வழிநெடுக உண்டு.

முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கே கிளம்புவார்கள். வடக்கே அக்டோபர் பாதியிலேயே குளிர்காலம் எட்டிப் பார்க்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். கிளம்புகிற நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் முடிக்கிறார்.

நடப்பவர்கள் தங்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துக் கொள்வார்கள். பாதை முடியும் வரை அந்தப் பெயர்தான். பட்டப்பெயர் வைப்பதில் நீங்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே! உங்கள் நான்கு பேருக்கும் இப்போதே வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் நாளே ஒரு விதி. நால்வரில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவரை முன்னால் விடுங்கள். வேகமாக நடப்பவர் முன்னால் போனால் குழு உடைந்துவிடும். காட்டில் பிரிந்தவரைத் தேடுவது சாதாரண வேலை இல்லை.

கரடி வந்தால்...

சில வாரங்களில் 'கிரேட் ஸ்மோக்கி' மலைகளுக்கு வந்துவிடுவீர்கள். எப்போதும் நீலநிற மூட்டம் புகைபோலச் சூழ்ந்திருப்பதால் அந்தப் பெயர். இங்குள்ள குவோஹி சிகரம்தான் முழுப் பாதையிலும் உயரமான இடம், 2,025 மீட்டர். நம் கொடைக்கானல் நகரத்தைவிடச் சற்றே குறைவு. 'கிளிங்மன்ஸ் டோம்' என்று அழைக்கப்பட்டு வந்த இந்தச் சிகரத்துக்கு, செரோக்கி பழங்குடி மக்களின் பழைய பெயரையே 2024இல் திரும்பச் சூட்டினார்கள்.

இந்தத் தேசியப் பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே ஒரு திருப்பத்தில் திடீரென்று ஒன்று உங்கள் எதிரே நின்றால் ஆச்சரியம் இல்லை. என்ன செய்வீர்கள்?

"ஓடுவேன்!" என்கிறீர்களா? கூடாது. கரடி உங்களைவிட வேகமாக ஓடும். ஓடுகிற பொருளைத் துரத்தவும் தோன்றும். "மரத்தில் ஏறுவேன்!" அதுவும் பலிக்காது. கருங்கரடி மரம் ஏறுவதில் சூரப்புலி. ஆபத்து என்றால் தாய்க்கரடி தன் குட்டிகளை முதலில் மரத்தில்தான் ஏற்றிவிடும்.

நான்கு பேரும் நெருங்கி நில்லுங்கள். சேர்ந்து நின்றால் பெரிய உருவமாகத் தெரிவீர்கள். உரத்த குரலில் பேசுங்கள். கரடிக்கு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது தன் வழியே போய்விடும். படம் எடுக்கும் ஆசையில் கிட்டே போவது இங்கே சட்டப்படி குற்றம். வேண்டுமென்றே 150 அடிக்குள் நெருங்கினால் தண்டனை உண்டு.

உண்மையான பிரச்சினை ராத்திரி வருகிறது. கரடியின் மூக்கு அபாரமானது. பிஸ்கட், மிட்டாய் மட்டுமல்ல, பற்பசை வாசனைக்கும் தேடி வரும். அதனால் சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. தரையில் இருந்து 12 அடி உயரத்தில், அடிமரத்தில் இருந்து 6 அடி தள்ளி, கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிடுவார்கள். கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாக்களும் இருக்கின்றன.

'ஒரு ரொட்டித்துண்டைக் கரடி தின்றால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்கலாம். கேளுங்கள். ஒருமுறை மனிதரின் உணவை ருசி பார்த்த கரடி, மறுபடி வரும். மனிதரைக் கண்டு ஒதுங்கும் பயம் அதற்குப் போய்விடும். கூடாரத்தைக் கிழிக்கும், ஆட்களை மிரட்டும். அப்புறம் அதை வேறு காட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கேயும் அடங்காவிட்டால் கொன்றுவிட வேண்டிய நிலை வந்துவிடும். பையைக் கட்டித் தொங்கவிடச் சோம்பல்பட்டவர் ஒருவர். உயிரை விடுவது கரடி!

என் மாணவர்களைக் குற்றாலத்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, ஒரு பையன் ஆசையாக ஒரு குரங்குக்கு முறுக்கு நீட்டினான். ஐந்தே நிமிடம்! ஒரு கூட்டமே இறங்கி வந்து பிள்ளைகளின் பைகளைப் பிடுங்கத் தொடங்கியது. "குரங்கு கெட்டது சார்" என்றான் அவன். முறுக்கு கொடுப்பதற்கு முன்னால் அது மரத்தில் சமர்த்தாகத்தானே உட்கார்ந்திருந்தது?

நுரையீரல் இல்லாத பிராணி, உப்பு நக்கும் குதிரை

ஸ்மோக்கி மலைகளை விட்டுப் போகும் முன் ஓடைப் பக்கம் ஈரக் கற்களைக் கவனியுங்கள். பல்லி போன்ற உருவமும், தவளை போன்ற வழுவழுப்பான ஈரத்தோலும் கொண்ட ஒரு பிராணி தெரியும். அதன் பெயர் சாலமாண்டர். இங்கே 30 வகைச் சாலமாண்டர்கள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு நுரையீரலே கிடையாது! தோல் வழியாகத்தான் சுவாசிக்கின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். உங்கள் கையில் பூச்சி விரட்டும் மருந்து தடவி இருந்தால், தொட்ட மாத்திரத்தில் அதற்கு ஆபத்து. ஆகவே கண்ணால் பாருங்கள். கையால் தொட வேண்டாம்.

வர்ஜீனியா மாநிலத்தின் புல்மேடுகளுக்கு வந்தால் மட்டக் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. புதர் மண்டிப் புல்வெளி மறைந்துவிடாமல் இருக்க 1970களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை இவை. நடந்து நடந்து வியர்த்த உங்கள் காலில் உப்புப் படிந்திருக்கும் அல்லவா? அதை நக்கக்கூட வந்துவிடும். கூச்சத்தில் சிரிப்பு வரும். ஆனால் தீனி கொடுக்கவோ தடவவோ அனுமதி இல்லை. குதிரை கடிக்கும், உதைக்கும். காரணம் உங்களுக்கே தெரியும்.

மரக்கட்டைக்கு அந்தப் பக்கம் யார்?

பென்சில்வேனியா மாநிலத்தில், பாதையின் நடுப்பகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. பாதி தூரம் கடந்த கொண்டாட்டமாக, அரை கேலன் ஐஸ்கிரீமை ஒருவரே தின்று தீர்ப்பது! கிட்டத்தட்ட 2 லிட்டர்! நாள் முழுக்க மலை ஏறுகிறவர்களுக்குப் பசி அப்படி இருக்கும். நீங்கள் வீட்டில் முயற்சி செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

அடுத்து வருபவை கூரான பாறைகள் நிறைந்த மேடுகள். ஒரு மரம் வழியில் விழுந்து கிடக்கிறது. எப்படிக் கடப்பீர்கள்? ஒரே தாண்டாகத் தாண்டாதீர்கள். முதலில் கட்டையின் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு எலிக்காகக் கட்டை ஓரத்தில் அசையாமல் காத்துக் கிடக்கும் வழக்கம் உடையது.

இந்தப் பாம்பு விரியன் இனம். கடும் விஷம் உள்ளது. ஆனாலும் மிகவும் நியாயமான பிராணி என்றே சொல்வேன். வாலில் உள்ள கிலுகிலுப்பையை ஆட்டி, 'நான் இங்கே இருக்கிறேன், மிதித்துவிடாதே' என்று எச்சரிக்கை தருகிறது. அந்தக் கிலுகிலுப்பை நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது. தோல் உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கூடும். சத்தம் கேட்டதும் நின்று, பாம்பு எங்கே என்று கண்ணால் தேடி, பின்வாங்கி, சுற்றிப் போனால் போதும். சில சமயம் அது சத்தம் போடாமலும் இருந்துவிடும். அதனால்தான் கட்டை மேல் ஏறிப் பார்ப்பது.

கசகசா அளவு எதிரி

கரடியும் பாம்பும் கடந்தாயிற்று. இனி பயம் இல்லை என்கிறீர்களா? இந்தப் பாதையில் நடப்பவர்களை அதிகமாக வாட்டுவது அவை இல்லை. உண்ணி! ஆமாம், ஆட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்குமே, அதன் உறவினர். இங்குள்ள மானுண்ணியின் குஞ்சு, உங்கள் அம்மா குருமாவில் அரைத்து விடும் கசகசாவின் அளவுதான். அது கடித்து, லைம் என்ற காய்ச்சல் நோயைப் பரப்பக்கூடும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அதுபோல.

கடித்தால் வலிக்காது. எனவே தினமும் மாலையில் உடம்பைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், அன்றன்றே கண்டுபிடித்து இடுக்கியால் நேராக இழுத்து எடுத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும்.

ஆனால் உங்கள் முதுகையும் காதின் பின்புறத்தையும் உங்களால் பார்க்க முடியுமா? முடியாது. நண்பர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்கு பேராகக் கிளம்பியதன் பலன் இப்போது தெரிகிறதா?

நீரில் இருந்து எழுந்த மலை

நியூயார்க் மாநிலத்தில் பாதை ஒரு மிருகக்காட்சி சாலைக்கு உள்ளேயே நுழைந்து போகிறது! அடிபட்டோ, தாயை இழந்தோ காட்டில் பிழைக்க முடியாத விலங்குகளை அங்கே வைத்துக் காக்கிறார்கள். அதையும் கடந்து, பேய்க்காற்று வீசும் வாஷிங்டன் மலையையும் தாண்டினால் மெய்ன் மாநிலம். வாஷிங்டன் மலையில் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது.

மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் என்ற ஆறு குறுக்கிடுகிறது. மேலே உள்ள அணையில் தண்ணீர் திறந்தால் சட்டென்று வெள்ளம் ஏறும். எனவே இறங்கிக் கடக்கக் கூடாது. படகில்தான் போக வேண்டும். அந்தப் படகின் தரையிலும் ஒரு வெள்ளைப் பட்டை பூசியிருக்கும்! படகும் பாதையின் பகுதிதான் என்று அர்த்தம்.

பிறகு ஒரு விடியற்காலை. ஏரியில் பனிமூட்டம். தண்ணீருக்குள் இருந்து ஒரு பெரிய தலை எழும்புகிறது. மேலே உள்ளங்கை விரித்தாற்போன்ற கொம்புகள். வாய் நிறைய நீர்ச்செடி. அதுதான் மூஸ். மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. தோள் உயரமே 6 அடிக்கு மேல் இருக்கும். எடை 400 கிலோவையும் தாண்டும். அந்தக் கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைப்பவை.

மூஸ் காதைப் பின்னுக்கு மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்தால் கோபம் என்று பொருள். கரடியிடம் ஓடக் கூடாது என்றேன். மூஸ் துரத்தினால் ஓடலாம். ஓடி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஒவ்வொரு விலங்கின் சுபாவமும் வேறு. படித்துத் தெரிந்து கொண்டு போனவருக்குத்தான் காடு பாதுகாப்பு.

நண்பனுக்காக நடந்தவர்

இந்தப் பாதையை ஒரே மூச்சில் நடந்து முடித்ததாக முதன்முதலில் பதிவு செய்தவர் ஏர்ல் ஷாபர். அவரும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் போலச் சேர்ந்து திரிந்த வால்டர் வைன்மில்லரும் இளம் வயது நண்பர்கள். 'ஒருநாள் முழுப் பாதையையும் சேர்ந்து நடப்போம்' என்று பேசி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. இருவரும் போருக்குப் போனார்கள். 1945இல் இவோ ஜிமா தீவுப் போரில் வால்டர் இறந்துவிட்டார்.

நண்பனை இழந்த துக்கத்தோடும், போரின் நினைவுகளோடும் ஊர் திரும்பிய ஷாபர், 1948 ஏப்ரலில் தனியே நடக்கத் தொடங்கினார். 124 நாளில் கட்டாடின் உச்சியைத் தொட்டார். அப்படி ஒருவரால் முடியும் என்றே அதுவரை பலரும் நம்பவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், 79ஆம் வயதில் மீண்டும் முழுப் பாதையையும் நடந்தார்!

எம்மா கேட்வுட் பாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோரு குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர். 1955இல், 67ஆம் வயதில், கூடாரம்கூட இல்லாமல், தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரண கேன்வாஸ் ஷூவில் முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார்.

1990இல் பில் இர்வின் என்ற பார்வையற்றவர் கட்டாடினை அடைந்தார். அவருக்கு வழிகாட்டிய நண்பன் யார் தெரியுமா? ஓரியன்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்! எத்தனையோ முறை தடுக்கி விழுந்தார் அவர். ஒவ்வொரு முறையும் எழுந்து, ஓரியன்டின் பிடியைப் பற்றிக்கொண்டு மேலே நடந்தார்.

நம் ஊரில்?

நமக்கும் மேற்குத்தொடர்ச்சி மலை இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நம் காடுகளில் யானை உண்டு, காட்டெருமை உண்டு, புலி உண்டு. நம் ஊர்க் கரடி வேறு இனம். கறையானை உறிஞ்சித் தின்பது, சட்டென்று பாயக்கூடியது. அமெரிக்கக் கருங்கரடிக்குச் சொன்னதை இங்கே பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. வனத்துறை அனுமதியும், காடு தெரிந்த வழிகாட்டியும், பெரியவர்களும் இல்லாமல் காட்டுக்குள் காலே வைக்காதீர்கள்.

இப்போதைக்கு நண்பர்கள் நால்வர் சேர்ந்து, வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு பெரியவரையும் அழைத்துக்கொண்டு, ஊர்க் கண்மாய்க் கரையிலோ வயல் வரப்பிலோ 3 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இந்த ஐந்து விதிகளையும் கடைப்பிடியுங்கள்:

1. மெதுவாக நடப்பவர் முன்னால்.

2. பார்க்கும் உயிர் எதற்கும் தீனி இல்லை.

3. எட்ட நின்று பார், தொடாதே, துரத்தாதே.

4. கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் பையிலேயே திரும்பி வர வேண்டும்.

5. கண்ட பறவை, பூச்சி, விலங்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எண்ணிப் பாருங்கள். மீன்கொத்தி, தவளை, ஓணான், கீரி என்று பட்டியல் நீளும். நீங்கள் பார்த்த அத்தனை உயிர்களும், நீங்கள் வந்துபோனதால் ஒரு குறையும் இல்லாமல் அங்கேயே தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் நீங்கள்தான் நல்ல நடைப் பயணி. மீதிக் காலடிகளைப் பெரியவர்கள் ஆனபின் எடுத்து வைத்துக் கொள்ளலாம்!